கடித்த பாதி

மருந்துக்கடை முத்துச்செல்வம் கொடுத்த மாத்திரைகள் தாணுலிங்கத்தின் வீட்டில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், கடைக் கவரோடு அப்படியே இருந்தன. கவரின் மடிப்புக்கூடக் கலையவில்லை. வாயில் குழாய் விட்டுப் பார்த்த மருத்துவர், இரைப்பையில் புண் இருக்கிறது என்றார். புண்ணுக்குக் காரணம் ஒரு கிருமி, அதைக் கொல்ல இரண்டு வாரம் வேளை தவறாமல் இந்த மாத்திரைகளை விழுங்க வேண்டும் என்றும் சொன்னார்.

தாணுலிங்கம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்தக் கிருமி மட்டுந்தான் சாகுமா, சார்?"

"வயித்துல உள்ள மத்ததும் கொஞ்சம் சாகும். அதெல்லாம் திரும்ப வளந்துரும். பயப்படாதீங்க."

அவர் பயந்தது எதை நினைத்து என்று மருத்துவருக்குத் தெரிய வழியில்லை. மற்றதில் ஒன்று திரும்ப வளராது. அது இந்தச் சீமையில் கிடைக்கிற பொருளன்று. மரக்கட்டைகளுக்கு நடுவே ஒளித்துக் கடல் கடத்திக் கொண்டுவரப்பட்ட ஒரு பெண் ஒராங்குட்டானின் வயிற்றிலிருந்து அவர் வயிற்றுக்கு வந்தது. அவளை அவளுடைய தீவுக்கே அனுப்பியாகிவிட்டது. அவள் விட்டுப்போனதாக இந்த ஊரில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். மாத்திரையை விழுங்கினால் அதுவும் போய்விடுமோ என்பதுதான் அவருடைய பயம்.

முத்தையாபுரத்தில் இந்த விவகாரத்தை இரண்டு விதமாகச் சொல்வார்கள். தாணுலிங்கம் குரங்குக்கு எச்சில் கொடுத்து நோயை உண்டாக்கினார், அதனால் வேலை போயிற்று என்பது ஒன்று. மனைவி செத்ததிலிருந்து அவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்பது மற்றொன்று. இரண்டும் சரியல்ல. நடந்தது இன்னதென்று வரிசையாகச் சொன்னால்தான் அது விளங்கும்.

தாணுலிங்கம் துறைமுகச் சாலையில் தள்ளுவண்டியில் பழம் விற்றவர். கோழிக்கூடு என்கிற வாழைப்பழம், நாட்டுப்பழம், பருவத்தில் நுங்கு. லாரி ஓட்டுநர்களும் சுமைதூக்குகிறவர்களும் வாடிக்கை. சந்தேகப்படுகிற ஆளைக் கண்டால் அவர் பேசமாட்டார். பழத்தை உரித்து இரண்டாக விண்டு, ஒரு பாதியைத் தம் வாயில் போட்டுக்கொண்டு மறு பாதியை நீட்டுவார். விற்பவனே தின்று காட்டிய பிறகு வேண்டாம் என்று யாரும் போனதில்லை.

மனைவி செல்லக்கனி இருந்தவரை, இரவு அவர் சாப்பிட்டு எழுந்த தட்டிலேயே அவள் போட்டுச் சாப்பிடுவாள். தட்டின் ஓரத்தில் ஒரு மீன் துண்டை அவர் விட்டு வைப்பார். அவர் வேண்டுமென்றே வைக்கிறார் என்பது அவளுக்கும், அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இருவரும் வாய் திறந்ததில்லை. அவள் மஞ்சள்காமாலையில் போனாள். மகள் ரம்யா திருப்பூரில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருந்தாள். மனைவி போன பிறகும் பல மாதங்கள் அவர் கை பழக்கத்தில் தட்டின் ஓரத்தில் மீனை ஒதுக்கியது. பிறகு அவர் மீன் வாங்குவதையே விட்டுவிட்டார்.

கொரோனா ஓய்ந்த பிறகு ஒருநாள், சுங்கத்துறையினர் சந்தேகத்தின் பேரில் ஒரு மரக்கட்டைக் கண்டெய்னரைத் திறந்தார்கள். கட்டைகளுக்குப் பின்னால் இரண்டு கூண்டுகள் இருந்தன. ஒன்றில் இருந்தது வழியிலேயே செத்திருந்தது. மற்றதில் செம்பட்டை மயிரும் பெரிய கண்ணுமாக ஒரு குட்டி. அதைக் கூண்டு மாற்ற வேண்டியிருந்ததால், வாழைப்பழத்துக்குள் மயக்க மருந்தை வைத்துக் கொடுத்தார்கள். பசித்திருந்த குட்டி வாங்கித் தின்று சுருண்டது. விழித்தபோது வேறொரு கூண்டில் இருந்தது. வழக்கு முடியும்வரை அவள் வழக்குச் சொத்து, ஊரைவிட்டு நகர்த்தக்கூடாது. ஆகவே ஓர் அறக்கட்டளை, முத்தையாபுரத்துக்கு வெளியே உப்பு மூட்டை அடுக்கிவந்த பழைய கிட்டங்கி ஒன்றில் நடத்திவந்த விலங்குக் காப்பகத்தில் அவளை ஒப்படைத்தார்கள்.

அந்தக் காப்பகத்துக்குப் பழம் போட்டவர் தாணுலிங்கம். மூன்றாம் நாள் காலையில் அவர் குலையை இறக்கும்போது, காப்பக மேலாளர் ஃபிராங்க்ளின் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி, ஒங்க பழத்துல என்னமும் கோளாறா? அந்தக் குட்டி மோந்து பாத்துட்டு எங்க மூஞ்சிலயே எறியுதா."

"பழத்துல ஒண்ணுமில்ல சார். குடுக்குத ஆளு மேல நம்பிக்கையில்லாம இருக்கும்."

"அப்போ நீங்க குடுத்துப் பாருங்க. பழத்த வித்தவரு, தின்னவும் வச்சிட்டுப் போங்க."

தாணுலிங்கம் கம்பிக்கு இப்பால் குத்தவைத்து உட்கார்ந்தார். தமக்குத் தெரிந்த வித்தையைச் செய்தார். பழத்தை விண்டார், இடக்கையில் இருந்த பாதியில் ஒரு கடி கடித்து மென்றார், கடிக்காத பாதியை வலக்கையால் நீட்டினார். குட்டி அதைப் பார்த்தது. அவர் வாய் அசைவதைப் பார்த்தது. பிறகு நீண்ட கையொன்று கம்பிக்கு வெளியே வந்து, நீட்டிய பாதியைத் தாண்டிப் போய், இடக்கையில் பல் பட்டிருந்த துண்டை எடுத்துக்கொண்டது.

கடிக்காத பாதிக்குள் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? மனிதன் கடித்த பாதிக்குள் ஒன்றும் இல்லை என்பது மட்டும் நிச்சயம். இரண்டு வயதுக் குட்டி அவ்வளவு தூரம் யோசித்திருந்தாள். அன்றைக்கு அவர் நான்கு பழம் கடித்தார். அவள் நான்கையும் தின்றாள்.

"நாளைக்கும் வாங்க," என்றார் ஃபிராங்க்ளின்.

ஒரு மாதத்தில் தாணுலிங்கம் வண்டியை விற்றுவிட்டுக் காப்பகத்தில் ஐந்தாவது பராமரிப்பாளராகச் சேர்ந்தார். விதிகளை ஃபிராங்க்ளின் வாசித்துக் காட்டினார்: முகக்கவசம், கையுறை, எச்சில் கூடவே கூடாது, மனித நோய் ஒராங்குட்டானுக்கு எளிதில் ஒட்டும். தாணுலிங்கம் விதியை மதித்தே தொடங்கினார். பழத்தை அவள் கண் எதிரே கத்தியால் நறுக்கிக் கொடுத்தார். எறிந்தாள். கையுறையோடு கொடுத்தார். எறிந்தாள். மூன்றாம் நாள் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக் கடித்தார். தின்றாள். மற்ற நான்கு பேரும் பார்த்தார்கள். அவள் தின்றால் எல்லாருக்கும் வேலை குறைவு என்பதால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஃபிராங்க்ளினும் பார்த்தார். இதையும் சேர்த்தே எழுத வேண்டும், ஏனென்றால் பிற்பாடு அவர் பார்த்ததேயில்லை என்றார்.

அவர் அவளுக்குப் பெயர் வைக்கவில்லை. "ஏளா, இங்கன வா," "ஏளா, என்ன பாக்க," என்று வீட்டுப் பெண்பிள்ளையைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டார். மதியம் தம் தூக்குவாளியைத் திறந்து கம்பிக்கு வெளியே அவரும், உள்ளே அவளுமாகச் சாப்பிட்டார்கள். நுங்கைக் கட்டைவிரலால் தோண்டுவதை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு அவளும் அப்படியே தோண்டினாள்.

ஒரு பிற்பகலில், அவர் கடித்துக் கொடுத்த பழத்தை அவள் உடனே தின்னவில்லை. ஒரு கடி கடித்தாள். மிச்சத்தைக் கம்பிக்கு வெளியே நீட்டினாள். அவர் வாங்கவில்லை. அவள் கையை எடுக்கவில்லை. ஈரமாக, விரல் தடம் பதிந்து, நசுங்கிய துண்டு. தாணுலிங்கம் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. சாப்பிடு என்று நீண்ட கையை மடக்கச் சொல்லி அவருக்குப் பழக்கம் இல்லை. வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். அவள் அவர் மெல்லுவதைக் கடைசிவரை பார்த்திருந்துவிட்டு, பிறகு மூலையில் போய்ச் சாக்கை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

அது அன்றோடு நிற்கவில்லை. அவர் யாரிடமும் சொல்லவுமில்லை.

ஜெபசுதா என்ற ஆராய்ச்சியாளர் வந்தது அடுத்த வருடம். நாசரேத்துப் பெண், தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறவர். அடைபட்டிருக்கும் மனிதக் குரங்குகளின் குடலிலும் அவற்றைப் பராமரிக்கிற மனிதர்களின் குடலிலும் என்னென்ன நுண்ணுயிரிகள் பொதுவாக இருக்கின்றன என்பது அவருடைய ஆராய்ச்சி. குட்டியின் மலத்தை எடுத்துக்கொண்டார். ஐந்து பராமரிப்பாளர்களிடமும் மூடி போட்ட ஒரு சிறு டப்பாவைக் கொடுத்தார்.

"காலைல போறதுல கொஞ்சம் எடுத்து இதுல போட்டு, மேல பேர் எழுதித் தாங்க, அண்ணாச்சி."

"இதுக்குப் பேர் வேற எழுதணுமாக்கும்," என்றார் தாணுலிங்கம்.

"எழுதலன்னா யாருதுன்னு எனக்கெப்படித் தெரியும்?"

"தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க, மாத்திக் குடுத்தா சண்டைக்கா வரப்போறோம்."

ஜெபசுதா சிரித்துவிட்டு, கிட்டங்கி நிழலில் உட்கார்ந்து விளக்கினார். ஒவ்வொரு வயிற்றுக்குள்ளும் கோடிக்கணக்கான சிறு உயிர்கள் குடியிருக்கின்றன. அவற்றில் பல நோய்க் கிருமிகள் அல்ல. சோற்றைச் செரிக்க வைப்பவை. யாரோடு வாழ்கிறோம், யார் கையால் சாப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து அவை ஒரு வயிற்றிலிருந்து இன்னொரு வயிற்றுக்குக் குடிபெயரும். புருஷன் பெண்சாதி வயிற்றில் ஒரே மாதிரி இருப்பது உண்டு. காட்டில் இருக்கும் ஒராங்குட்டானுக்கு ஒருவிதம். கூண்டில் அடைத்துவிட்டால், நாளடைவில் காட்டு உயிர்கள் போய், பார்த்துக்கொள்கிற மனிதனுடையவை வந்து குடியேறிவிடும்.

"அப்போ அவ வயித்துல இருக்கது நம்மளுதா?" என்று கேட்டார் தாணுலிங்கம்.

"அதத்தான் பாக்கப் போறேன்."

பார்த்து முடிக்கச் சில மாதங்கள் ஆயின. முடிவு வந்த அன்று ஜெபசுதா அவரை மட்டும் தனியே அழைத்தார். மற்ற நான்கு பேருடையதும் சேர்ந்து அவளோடு ஒத்துப்போகிற அளவைவிட, தாணுலிங்கம் ஒருவருடையது கூடுதலாக ஒத்துப்போகிறது என்றார்.

"அது கெடக்கட்டும். கடிச்சுக் குடுக்கீங்கன்னு எனக்குத் தெரியும். இன்னொண்ணுதான் எனக்கு விளங்கல. காட்டுல ஒராங்குட்டான்கிட்ட மட்டும் பாத்திருக்க ஒரு வகை ஒங்க வயித்துல இருக்கு. இந்த ஊர்ல நான் பாத்த வேற யாருக்கும் இல்ல. அது எப்படி அண்ணாச்சி அங்கன போச்சு?"

தாணுலிங்கம் தரையைப் பார்த்தார்.

"அவ கடிச்சதத் தின்னீங்களா?"

"குடுத்தா," என்றார்.

ஜெபசுதா கண்டிப்பாகத்தான் பேசினார். அவளுக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து, இனிமேல் வேண்டாம் என்றார். அவர் சரி சரி என்று கேட்டுக்கொண்டார். ஆனால் அன்று மாலை பூட்டைத் திறந்து வீட்டுக்குள் நுழைந்து, ஒரு ஆளுக்கு அரிசி களையும்போது, தாம் தனியாக வந்து நுழையவில்லை என்று அவருக்குத் தோன்றியது. வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். செல்லக்கனி போனபின் அந்த வீட்டில் அப்படி ஒரு நினைப்பு அவருக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

மார்கழியில் வெள்ளம் வந்தது. முத்தையாபுரத்தில் இடுப்பளவு நின்றது. காப்பகத்துக் கிணற்றில் சாக்கடை கலந்தது. குழாய்த் தண்ணீர் வராத நாட்களில் அந்தக் கிணற்றிலிருந்தே தொட்டியை நிரப்பினார்கள். நிரப்பச் சொன்னவர் ஃபிராங்க்ளின். வெள்ளம் வடிந்த வாரத்தில் அவளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. கண் குழிந்து, மயிர் ஒட்டிச் சாக்கில் கிடந்தாள். வழக்குச் சொத்து செத்தால் நீதிமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். ஜெபசுதாவின் ஆராய்ச்சி முடிவு ஃபிராங்க்ளின் மேசையில் இருந்தது. அவளுடைய வயிற்றில் இருப்பது இந்த ஆளுடையதுதான் என்று படித்த பெண்ணே எழுதிக் கொடுத்திருக்கும்போது வேறு காரணம் எதற்கு? பராமரிப்பாளரின் சுகாதாரமற்ற உணவூட்டும் முறையால் நோய் ஏற்பட்டது என்று ஒரு பத்தியில் எழுதித் தாணுலிங்கத்தை விலக்கினார்கள்.

ஜெபசுதா கிணற்றுத் தண்ணீரை எடுத்துப் பரிசோதித்தார். நோய்க் கிருமி கிணற்றில் இருந்தது, அவளிடம் இருந்தது, தாணுலிங்கத்திடம் இல்லை. அதை அறக்கட்டளைக்கு எழுதினார். நன்றி என்று பதில் வந்தது. விலக்கல் கடிதம் திருத்தப்படவில்லை. இன்றுவரை திருத்தப்படவில்லை.

மருந்தில் அவளுக்குப் போக்கு நின்றது. ஆனால் தின்ன மறுத்தாள். நான்கு பராமரிப்பாளர்களும் மாறி மாறி நீட்டிப் பார்த்தார்கள். ஃபிராங்க்ளின் தாமே போய் நீட்டிப் பார்த்தார். கடைசியில் ஒரு காலையில் தாணுலிங்கத்துக்குப் போன் வந்தது.

"அண்ணாச்சி, பின்கேட்டு வழியா வாங்க. முன்கேட்டுல கையெழுத்துப் போட வேண்டாம்."

அவர் போனார். வழியில் ஒரு சீப்புக் கோழிக்கூடு வாங்கிக்கொண்டார். கம்பிக்கு அந்தப் பக்கம் கிடந்தவள் அவர் செருப்புச் சத்தத்துக்கே எழுந்து வந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள்.

"ஏளா, என்ன கோலம் இது," என்று சொல்லிக் குத்தவைத்தார்.

பழத்தை உரித்தார். ஃபிராங்க்ளின் பக்கம் திரும்பிப் பார்த்தார். எதற்காக வேலையை விட்டு அனுப்பினார்களோ, அதைச் செய்யத்தான் இப்போது கூப்பிட்டிருக்கிறார்கள். ஃபிராங்க்ளின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நான் ஒண்ணும் பாக்கல, அண்ணாச்சி. நீங்க குடுங்க."

தாணுலிங்கம் கடித்தார். அவள் வாங்கிக்கொண்டாள்.

வழக்கு முடிந்து அவள் கிளம்பும்வரை அவர் பின்கேட்டு வழியாகவே வந்து போனார். சம்பளம் இல்லை. அவர் அங்கே வந்ததற்கு எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரி கிடையாது. அவரால் நோய் வந்தது என்பதற்குக் கடிதம் இருக்கிறது. அவரால் பிழைத்தாள் என்பதற்கு இல்லை.

அனுப்புகிற நாள் வந்தது. அவளை மரப்பெட்டிக்குள் ஏற்ற வேண்டும். மயக்க மருந்து வேண்டாம், உடம்பு தாங்காது என்று கால்நடை மருத்துவர் சொல்லிவிட்டார். எல்லாரும் தாணுலிங்கத்தைப் பார்த்தார்கள். என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று அவருக்கு விளங்கியது. ஒரு காலத்தில் பழத்துக்குள் மருந்து வைத்து ஏமாற்றினார்கள் என்றுதான் அவள் கடிக்காத பழத்தைத் தொடுவதில்லை. இப்போது கடித்த பழத்தைக் கொண்டே ஏமாற்ற வேண்டும்.

"நீங்க இல்லன்னா துப்பாக்கியால மருந்து அடிக்கணும், அண்ணாச்சி," என்றார் ஃபிராங்க்ளின். "நீங்களே சொல்லுங்க."

தாணுலிங்கம் ஒரு பழத்தை எடுத்தார். பழத்தை உரித்துக் கடித்தார். பெட்டியின் உள்மூலையில், கை எட்டுகிற தூரம்வரை நீட்டி, கடித்ததை வைத்தார். விலகி நின்றார். அவள் அவரைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், உள்ளே போனாள். கதவு இறங்கியது.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார்கள். உள்ளே சத்தமே இல்லை. பெட்டியின் பக்கவாட்டில் காற்றுக்காக விட்டிருந்த துளை வழியாக முதலில் ஒரு விரல் வந்தது. பிறகு மற்ற விரல்கள். விரல்களுக்கு நடுவே மிச்சப் பழம் இருந்தது. உள்ளே போய், தன் பங்கைத் தின்றுவிட்டு, அவர் பங்கைக் கொடுக்கிறாள்.

சுற்றி ஃபிராங்க்ளின், மருத்துவர், வனத்துறையினர், ஜெபசுதா எல்லாரும் நின்றார்கள். தாணுலிங்கம் அன்றைக்கு யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். அவளால் பார்க்க முடியாது என்றாலும், துளைக்கு நேரே நின்று மென்று முடித்தார். பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். வண்டி கிட்டங்கித் திருப்பத்தில் உப்பு லாரிகளுக்குப் பின்னால் மறைந்தது.

அதற்குப் பிறகு அவரால் பழ வியாபாரத்துக்குத் திரும்ப முடியவில்லை. நோயுண்டாக்கியவர் என்று எழுதப்பட்ட கை பழத்தைத் தொட்டால் யார் வாங்குவார்கள்? ஓர் உப்புக் கம்பெனியில் காவலுக்குப் போனார். ஆள் நடமாட்டமில்லாத வேலை. வீட்டுக்கு வந்து ஒரு ஆளுக்குச் சோறு வைப்பார். சில நாள் சாப்பிட்டுவிட்டு வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். வருடம் ஒன்று இப்படியே போனபின் அந்த வயிறு வலிக்கத் தொடங்கியது. சாப்பிட்டால் எரிந்தது, சாப்பிடாவிட்டால் பிசைந்தது. குழாய் விட்டுப் பார்த்ததும் மாத்திரை எழுதியதும் அப்போதுதான்.

முத்துச்செல்வம் கடை வழியாக அவர் போகும்போதெல்லாம் விசாரணை நடந்தது.

"அண்ணாச்சி, மாத்திரை எம்புட்டு ஆச்சு?"

"இருக்கு."

"இருக்கா? தின்னத் தந்தா அடகாக்கீயளா? குஞ்சு பொரிச்சா எனக்கு ரெண்டு தாங்க."

ஞாயிற்றுக்கிழமை ரம்யா பேசினாள். முத்துச்செல்வம் அவளிடம் சொல்லியிருந்தார்.

"ஏன்ப்பா மாத்திரை போடல?"

"போடுதேன்ளா."

"நீங்க போட மாட்டீங்க. அந்தக் கொரங்குக்காகத்தானே? அம்மாவும் இப்படித்தான், ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு சொல்லிச் சொல்லித்தான் போனா. நீங்களும் போயிட்டீங்கன்னா நான் யார்கிட்டப் பேச?" போனில் பிள்ளை பாடம் ஒப்பிக்கிற சத்தம் கேட்டது. "பிள்ளைக்குப் பரீட்சை. இல்லன்னா வந்து வாயில திணிச்சிருப்பேன்," என்று சொல்லி அவள் வைத்தாள்.

மறுநாள் அவர் கவரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஜெபசுதாவின் கல்லூரிக்குப் பஸ் ஏறினார்.

ஜெபசுதா நாற்காலி போட்டார். கவரின்மேல் எழுதியிருந்த மாத்திரைகளின் பெயரைப் படித்தார். "ஏன் இன்னும் பிரிக்கல?" என்று கேட்டார்.

"இதத் தின்னா அவளுது செத்துருமா?"

ஜெபசுதா கவரை மேசையில் வைத்தார். இந்தக் கேள்வியை உலகத்தில் கேட்கக்கூடிய ஒரே ஆள் எதிரே உட்கார்ந்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

"சாகலாம். பொழச்சாலும் பொழைக்கும். என்னால சொல்ல முடியல. ஆனா புண்ண இப்படியே விட்டா அது என்னவாயும் மாறும், அண்ணாச்சி. நீங்க இருந்தாத்தானே அதுக்கும் வீடு."

"எடுத்துப் பத்திரமா எங்கயும் வைக்க முடியாதா?"

"அன்னைக்கு டப்பால குடுத்தீங்கல்லா, அது இங்கனதான் உறைய வச்சிருக்கேன். அதுல அவளுதும் இருக்கு." மூலையில் உறுமிக்கொண்டிருந்த குளிர்பெட்டியைக் காட்டினார். "அவ சாம்பிளும் அதுலதான். ரெண்டும் ஒரே தட்டுல, பக்கத்துல பக்கத்துல."

"கரண்டு போனா?"

"ஜெனரேட்டர் இருக்கு."

தாணுலிங்கம் குளிர்பெட்டியைச் சற்று நேரம் பார்த்தார். அவர் மனம் கொஞ்சம் அடங்கியதுபோல் இருந்தது. பிறகு, கேட்க வந்ததே அதற்காகத்தான் என்பதுபோல, ஆனால் கடைசியாக, கேட்டார்.

"அவ எப்படி இருக்கா?"

ஜெபசுதா முகம் மலர்ந்தது. தீவிலிருந்து போன மாதம் தகவல் வந்திருந்தது. காட்டை ஒட்டிய ஓர் இடத்தில் மற்ற குட்டிகளோடு விட்டிருக்கிறார்கள். மரம் ஏறுகிறாள். இலையை மடக்கிப் படுக்கை போடுகிறாள். பட்டையும் கொழுந்தும் தின்கிறாள்.

"கடிச்சுக் குடுக்காமத் தின்னுதாளா?"

"அவளே பறிச்சுத் தின்னுதா, அண்ணாச்சி. யார் கையும் பாக்குறதில்ல."

அவர் தலையாட்டினார். அதைச் செரித்துக்கொள்ள அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"அவ வயித்துல?"

இதைத்தான் ஜெபசுதா சொல்லாமல் விட நினைத்திருந்தார். ஆனால் அந்த மனிதர் விஷயத்தில் மறைத்து எழுதப்பட்டது போதும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கணினியை அவர் பக்கம் திருப்பினார். இரண்டு நெடும் பட்டைகள், நிறம் நிறமாக. இங்கிருந்து போன அன்று இருந்தது இடதுபுறம்; அதில் நீலமாக இருந்ததெல்லாம் தாணுலிங்கத்துடையது. வலதுபுறம் போன மாதத்தது.

வலதுபுறத்தில் நீலமே இல்லை.

"ஒண்ணுகூட இல்லையா?"

"எனக்குத் தெரிஞ்சவரைக்கும் இல்ல. இலை தழை திங்கத் திங்கக் காட்டுலது திரும்ப வந்துருச்சு, நம்மளுது போயிருச்சு. அவளுக்கு அதுதான் அண்ணாச்சி நல்லது. நம்மளுத வச்சிக்கிட்டு அவள மத்ததுகளோட காட்டுல விட முடியாது."

"நல்லதுதாம்மா," என்றார் தாணுலிங்கம். "நல்லதுதான்."

இத்தனை நாளும் அவர் நினைத்திருந்தது வேறு. தாம் அவளுடையதை வைத்திருப்பதுபோல, அவளும் எங்கோ தம்முடையதை வைத்திருக்கிறாள். இந்தப் பக்கம் தாம் அழித்தால் அந்தப் பக்கம் அவளுக்குத் துரோகம் ஆகும் என்று நினைத்திருந்தார். அவள் எப்போதோ இறக்கி வைத்துவிட்டு மரம் ஏறியிருக்கிறாள். ஒரே ஒருவர் பிடித்துக்கொண்டிருப்பதற்குப் பகிர்வு என்று பெயரில்லை.

வாசல்வரை வந்த ஜெபசுதா, "அந்தக் கடிதத்த மாத்தச் சொல்லித் திரும்பவும் எழுதட்டுமா?" என்று கேட்டார்.

"எழுதுங்க," என்றார் அவர். "பதில் வராது. ஆனா எழுதுங்க."

வீட்டுக்கு வரும் வழியில் ஒரு சீப்புக் கோழிக்கூடு வாங்கினார். வெறும் வயிற்றில் போடக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தட்டைக் கழுவி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கவரைப் பிரித்தார். முதல் வேளைக்குரிய மாத்திரைகளைத் தட்டின் ஓரத்தில், முன்பு மீன் துண்டை ஒதுக்குகிற இடத்தில் எடுத்து வைத்தார். பழத்தை உரித்து ஒரு கடி கடித்தார். மென்றார். மிச்சத்தோடு கை நீண்டது. அது நீளும் என்பதை அவர் எதிர்பார்க்கவில்லை. எதிரே சுவர் இருந்தது. தெருவில் கடைசிப் பள்ளிப் பேருந்து பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போயிற்று.

கொஞ்ச நேரம் கையை அப்படியே வைத்திருந்தார். பிறகு மடக்கி, கடித்த பாதியைத் தாமே தின்று முடித்துவிட்டு, மாத்திரைகளை ஒவ்வொன்றாக விழுங்கினார்.